இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்

நெய்வேலிக்கு வெளியே வடக்குத்து ஊரில் அப்பாவுக்கு நான் கட்டிக்கொடுத்த வீட்டின் கிழக்குச் சுவர் வெளிப்பக்கம் பூசப்படாமலே ரொம்ப நாள் நின்றது. செங்கல் செங்கலாக, சிவப்பாக, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துகொண்டு. சுவரின் இரண்டு ஓரங்களிலும் ஒரு வரி விட்டு ஒரு வரி பாதிச் செங்கல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். தெருவில் போகிறவர்கள் பணம் தீர்ந்துபோய் வேலை நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆர்க்கிடெக்ட் பெண்ணைப் பெற்றவர் வீட்டுக்கே இந்தக் கதியா என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தஞ்சாவூரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாசலில் நின்று சொல்கிற கதையா அது. பேசாமல் உள்ளே போய்விடுவேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டராக இருந்தவர். பர்மனென்ட். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், வாசலில் மரம் நட்டுக்கொள்ள இடம் இருக்கும். ஆனால் வேலைதான் பர்மனென்ட், வீடு இல்லை. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். நாம் நட்ட மாமரத்தில் அடுத்து வருகிறவர் காய் பறிப்பார். இது எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் எல்லோரும் மரம் நடுவார்கள்.

எங்களுடையது ஜோடி வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மாமா வீடு. மாமா என்றால் உறவு ஒன்றும் கிடையாது. அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்தவர். மாமா வளையமாதேவிப் பக்கம். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக வேலைக்கு வந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். முதல் ஷிப்ட் வருகிற வாரங்களில் யார் முதலில் எழுந்தாலும் எவர்சில்வர் டம்ளரால் அந்த நடுச்சுவரில் தட்டுவார்கள். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டு. அந்தப் பக்கத்திலிருந்து அதே மாதிரி பதில் வர வேண்டும். வராவிட்டால் விடமாட்டார்கள். இரண்டு வீட்டிலும் அலாரம் கடிகாரம் இருந்தது. அதை இரண்டு பேரும் நம்பவில்லை. டம்ளர் பட்டுப் பட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு சிறு குழி விழுந்திருந்தது. அம்மா அதற்கு மேல் ஒரு முருகன் காலண்டரை மாட்டி மறைத்தார். அப்பா காலண்டரைத் தூக்கிவிட்டுத் தட்டினார்.

நான் பிளஸ் டூ படித்த வருடம் அம்மா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு வீடு கிணறு மாதிரி இருந்தது. அப்பா லீவில் இருந்தார். ஷிப்ட் கிடையாது. ஆனாலும் மாமா தினமும் காலையில் தட்டினார். முதல் இரண்டு நாள் அப்பா பதில் தட்டவில்லை. மாமாவும் விடவில்லை. பிறகு ஒரு நாள் அப்பா எழுந்து, டம்ளரை எடுத்து, காலண்டரைத் தூக்கித் தட்டிவிட்டு, அப்படியே நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. இதையெல்லாம் பார்த்தும் எனக்கு அந்தச் சுவர் சுவராகத் தெரியவில்லை. கண்ணெதிரே இருப்பதைப் பார்க்க நான் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது.

தஞ்சாவூரில் கட்டிடக்கலை படிக்க இடம் கிடைத்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தெருக்கள் இருக்கிற ஊரிலிருந்து போனவள் நான். எங்கள் டவுன்ஷிப்பில் என் தாத்தாவைவிட வயதான கட்டிடம் ஒன்றுகூடக் கிடையாது. முதல் வாரம் எல்லோரையும் பெரிய கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன், கழுத்து வலித்தது. அவ்வளவு பெரியதன் முன்னால் நின்றபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது, அப்படியே பிராகாரத்து ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதேன். கூடப் படித்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது கோயில் இல்லை. மேல வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்து. இரண்டாம் வருடம் அந்தச் சந்தின் பழைய வீடுகளை அளந்து வரையச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு வீடு. டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஒட்டடையில் மூக்கைக் கொடுத்து, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று எல்லாவற்றையும் அளந்தோம். ஒவ்வொருவரும் தன் வீட்டை வரைந்துகொண்டு வந்து வகுப்பறைத் தரையில் தாள்களை வரிசையாக வைத்தோம். சந்து உண்மையில் இருந்ததைவிட நீளமாகிவிட்டது. ஒரே சண்டை. நீ தப்பாக அளந்தாய், நான் சரியாகத்தான் அளந்தேன் என்று ஆளுக்கு ஆள் கத்தினோம். மறுபடி போய் அளந்தோம். ஒவ்வொரு வீடும் சரியாக இருந்தது. தெரு மட்டும் தப்பாக இருந்தது.

பிறகுதான் புரிந்தது. ஒவ்வொருவரும் இரண்டு பக்கச் சுவரையும் தன் வீட்டோடு சேர்த்து வரைந்திருந்தோம். அங்கே இரண்டு வீட்டுக்கு நடுவில் இரண்டு சுவர் இல்லை, ஒன்றுதான். இந்த வீட்டு உத்தரமும் அந்த வீட்டு உத்தரமும் ஒரே சுவரில் தலை சாய்த்திருந்தன. நாங்கள் அதை இரண்டு முறை எண்ணிவிட்டோம். வீட்டுக்காரர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ரெண்டு பக்கச் சுவரும் எங்களுதுதான் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை.

அன்று எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா காலண்டரைத் தூக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சந்துக்குத் தனியாகப் போக ஆரம்பித்தேன். ஒரு வீட்டின் அடுப்படிச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. நான் அளந்துகொண்டிருக்கும்போதே அதன் வழியாக ஒரு கை வந்து காப்பித்தூள் கேட்டது. இந்த வீட்டு அம்மா கொடுத்தார். முகம் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை. இன்னொரு இடத்தில் நடுவில் ஒரு வீட்டை இடித்துவிட்டிருந்தார்கள். காலி மனையின் இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் நின்றன. அவற்றில் இல்லாத வீடு அப்படியே தெரிந்தது. மாடிப்படி ஏறின சாய்கோடு, விளக்கு மாடத்துக் கரி, உத்தரம் நுழைந்திருந்த பொந்துகள், ஒரு அறைக்கு அடித்த நீலம். வீடு போய்விட்டது, பக்கத்து வீட்டுச் சுவர் அதை வைத்துக்கொண்டிருந்தது. அதை வரைந்துகொண்டு ஒரு மத்தியானம் முழுக்க அங்கே நின்றேன். யாரும் என்னை என்ன என்று கேட்கவில்லை.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்ல அதைச் சொல்வார்கள். எனக்கு அது தொழிலாகவே ஆகிவிட்டது. அந்த ஊர் எனக்குத் தூணையும் வளைவையும் கற்றுக்கொடுத்திருந்தால் நான் இன்று நன்றாக இருந்திருப்பேன். ஃபைபரில் செட்டிநாட்டுத் தூண் செய்து முகப்பில் ஒட்டச் சொல்லி வருகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு அது பொதுச்சுவரைக் கற்றுக்கொடுத்தது. அதைக் கேட்டு யாரும் வருவதில்லை.

படிப்பு முடிந்து புதுச்சேரியில் பழைய கட்டிடங்களைச் செப்பனிடுகிற ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பதில் முதல் பாதியை மட்டும் பிழைப்பாக வைத்துக்கொண்டேன். மாடியில் வாடகை வீடு. பக்கத்து வீட்டு சீரியல் வசனம் எனக்கு மனப்பாடம், பக்கத்து வீட்டுக்காரர் முகம் தெரியாது. தனிமை பழகிவிட்டது என்று கேட்கிறவர்களிடம் சொல்வேன். பழகவில்லை. வாரம் முழுக்க அடுத்தவர் சுவரைச் செப்பனிட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நெய்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால்தான் மூச்சு விடுவேன். ஆர்ச் கேட்டில் இறங்கினால் அப்பா சைக்கிளோடு நிற்பார்.

ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. கன்வேயர் சத்தம்தான் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில் காது போனதாம். "எங்கப்பா எனக்கு எழுதிவச்ச சொத்து இது ஒண்ணுதான்" என்பார். காதில் மாட்டுகிற கருவி வாங்கிக்கொடுத்தேன். அது எல்லோரையும் ஒரே சமயத்தில் கத்த வைக்கிறது என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். போனில் அவருக்கு ஒன்றும் கேட்காது. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காதில் வைத்திருந்துவிட்டு, சரிம்மா, சாப்பிட்டேன் என்பார். நான் கேட்டது வேறாக இருக்கும். ஆனால் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார். மாமா அந்தப் பக்கம் தட்டினால் முதுகில் தெரிந்துவிடும். சுவருக்கும் காது உண்டு என்பது மற்றவர்களுக்கு எச்சரிக்கை, அப்பாவுக்கு வசதி.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துப் பக்கத்து வீட்டில் வருடக்கணக்காக இருந்தவர்கள் ரிட்டயர் ஆவதற்கு முன்பே வெளியே பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கிப் போட்டுவிடுவார்கள். அப்பாவும் மாமாவும் வடக்குத்தில் அப்படி வாங்கியிருந்தார்கள். பிளான் போட்டுத் தா என்று இரண்டு பேரும் சேர்ந்து வந்து என்னிடம் கேட்டார்கள். நான் ஒரு பிளான்தான் போட்டேன். இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரின் இரு பக்கமும் படுக்கை அறை, கட்டில் போடுகிற இடம். தஞ்சாவூர் அடுப்படி மாதிரி ஓர் ஓட்டை வைக்கட்டுமா என்று கேட்டேன். தட்டினால் போதும், ஓட்டையெல்லாம் எதற்கு, பல்லி வரும் என்றார்கள்.

மாமா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பேச்சே எடுக்காதவர். வீடு என்றால் அவருக்கு ஒரே ஒரு வீடுதான் ஞாபகம் வரும். "என் வூடு இருந்த எடம் இப்ப பள்ளம், பாப்பா. மண்ணுகூட கெடையாது, அள்ளிட்டாங்க" என்றார். "இனிமே வூடே வாணாம்னு இருந்தேன். பாதிச் சொவுரு உங்கப்பனுதுன்னா, செரி, கட்டலாம்." அப்பாவுக்கு இது காதில் விழவில்லை. என்ன சொல்றான் என்று என்னைக் கேட்டார். கட்டலாம்னு சொல்றாங்க என்று அவர் காதருகே கத்தினேன்.

இவர்கள் இரண்டு பேரையும் என்னையும் தவிர அந்தச் சுவர் யாருக்கும் பிடிக்கவில்லை. நாளைக்கு விற்கக் கொள்ள வம்பு என்றான் மாமாவின் மகன். ஓசூரில் வேலை பார்க்கிறவன், விவரமான பையன், அவன் சொன்னதில் தப்பும் இல்லை. மேஸ்திரி வடக்குத்துக்காரர். "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறங்க" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சிக்கல் வேண்டாம் என்று சுவரை முழுக்க அப்பாவின் மனைக்குள்ளேயே வைத்தேன். அப்பா முதலில் ரிட்டயர் ஆகிறார், அவர் பாதியை முதலில் கட்டுவது. மாமாவுக்கு இன்னும் சர்வீஸ் இருந்தது. அவர் வெளியே வரும்போது அவருடைய முன்சுவரும் பின்சுவரும் வந்து கோர்த்துக்கொள்ள வசதியாக ஓரங்களில் செங்கல்லை நீட்டி விட்டுக் கட்டினோம். உள்ளே கோர்த்துக் கட்டினால்தான் புதுச்சுவரும் பழைய சுவரும் ஒட்டும். இல்லாவிட்டால் விரிசல் விடும். அதனால்தான் வெளிப்பக்கம் பூசவும் இல்லை. பூசினால் அது வீட்டின் வெளிச்சுவர் ஆகிவிடும். எனக்கு அது நடுச்சுவர்.

அப்பா குடி வந்தார். குவார்ட்டர்ஸில் மாமாவும் அத்தையும் இருந்தார்கள். நாங்கள் இருந்த பாதிக்கு வேறு யாரோ ஒரு புதுக் குடும்பம் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் மாமா மொபெட்டில் நேராக வடக்குத்துக்கு வருவார். வாசல் வழியாக வரமாட்டார். காலி மனையில் வண்டியை நிறுத்திவிட்டு, எருக்கஞ்செடிகளை மிதித்துக்கொண்டு போய், ஒரு செங்கல் துண்டை எடுத்துப் பூசாத சுவரில் தட்டுவார். இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. உள்ளே கட்டிலில் அப்பா எழுந்து உட்கார்ந்து டம்ளரால் பதில் தட்டுவார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வருவார். அப்பா வீட்டில் எப்போதும் பனியனோடுதான் இருப்பார். மாமா வரும்போது மட்டும் சட்டை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்ப்பேன். என் வாழ்நாளில் நான் வரைந்த ஒரு கோடு வேலை செய்ததை அப்போதுதான் பார்த்தேன். கர்வமாகக்கூட இருந்தது.

மாமா ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது வடக்குத்தில் வீடு இல்லை, காலி மனைதான் இருந்தது. மகன் இரண்டு பேரையும் ஓசூருக்குக் கூட்டிப்போனான். வேறு என்ன செய்ய முடியும். கிளம்புகிற அன்று மாமா வந்தார். அன்றும் அந்தப் பக்கமிருந்துதான் தட்டினார். அத்தைக்கு நடை வந்ததும் வந்து அஸ்திவாரம் தோண்டிவிடுவேன் என்று அப்பாவின் காதருகே வாயை வைத்துக் கத்திச் சொன்னார். தெருவே கேட்டது. அப்பா தலையை ஆட்டினார்.

பிறகு போன்தான். அப்பாவுக்குப் பேச்சு கேட்காது என்பதால் நான் வீடியோவில் கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். மாமாவுக்கு போனைப் பிடிக்கத் தெரியவில்லை. ஓசூர் வீட்டு மின்விசிறியும் அவர் நெற்றியில் பாதியும்தான் தெரியும். அவர் ஏதோ சொல்லுவார். அப்பா திரையைத் தன் முகத்துக்குக் கிட்டே வைத்து, சௌக்கியமா, சௌக்கியமா என்பார். பிறகு யாராவது ஒருவர் தப்பான இடத்தில் விரலை வைத்து அழைப்பு நின்றுவிடும். அப்பா காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புவார். பதிலுக்குக் கொஞ்ச நாள் ரோஜாப்பூ வந்தது. அப்புறம் அதுவும் நின்றது.

வாரநாட்களில் அப்பா தனியாகத்தான் இருந்தார். டவுன்ஷிப்பில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, போய் வரக்கூடாதா என்று கேட்டேன். ஒரு நாள் போயிருக்கிறார். சைக்கிள் தானாகப் பழைய வீட்டுக்கே போய்விட்டதாம். வேலியைத் திறந்து உள்ளே போய், மாமரத்தடியில் ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்ததாம். அந்த வீட்டுப் பெண் யார் வேணும் என்று கேட்டாளாம். அவள் கேட்டது காதில் விழவில்லை, வாயசைப்பில் தெரிந்தது. இதை அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு அவர் டவுன்ஷிப்புக்குள் போகவில்லை.

என்னோடு புதுச்சேரிக்கு வந்துவிடுங்கள் என்று எழுதிக் காட்டினேன். அங்கே வந்தால் யாருக்குத் தெரியும் என்னை என்றார். அது நியாயம்தான். அங்கே என்னையே யாருக்கும் தெரியாது.

இந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்னால் மாமாவின் மகன் எனக்கு போன் செய்தான். மனைக்கு ஆள் வந்திருக்கிறது, கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம் என்றான். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். மாமா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். போனை அவரிடம் கொடுத்தான். 

"உங்கப்பன்கிட்ட நீயே சொல்லிடு பாப்பா" என்றார் மாமா. "இத என்னால கத்திச் சொல்ல முடியாது."

நானும் கத்தவில்லை. சனிக்கிழமை போனபோது ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். மாமா வரவில்லை, மனையை விற்கிறார்கள், அத்தைக்கு நடை வரவில்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுப் படித்தார். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். அப்படின்னா அந்தச் சுவரை மழைக்கு முன்ன பூசிடணும், சாரல் இறங்குது என்றார். அவ்வளவுதான். நான் அவர் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை.

மனையை வாங்கியவர் தங்கமான மனிதர். கம்மாபுரம் பக்கத்துக்காரர், சின்னக் குழந்தைகள். எங்கள் சுவரோடு ஒட்டிக் கட்ட முடியுமா என்று நான் வெட்கத்தை விட்டு ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவர் மனம் நோகாதபடி மறுத்தார். நடுவில் சந்து விட்டு, தனிச் சுவர் எழுப்பிக்கொள்கிறேன், நாளைக்கு யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம் என்றார். நீட்டிக்கொண்டிருக்கிற செங்கல்லை மட்டும் கொத்தி எடுத்துவிட்டால் நல்லது என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இனி அந்தத் தெருவை யார் அளந்தாலும் கணக்குத் தப்பாது. ஒரு வீட்டுக்கு நான்கு சுவர், அடுத்த வீட்டுக்கு நான்கு சுவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். கட்டின அதே மேஸ்திரி. முன்பு சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். எழுப்ப வேண்டாம் என்று நாங்கள் காலி மனைப் பக்கமாகப் போனோம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி சிமென்ட் கலக்க உட்கார்ந்தார். நான் சுவர்கிட்டே போய் நின்றேன்.

அந்தப் பக்கமிருந்து அதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நெஞ்சு உயரத்தில் ஓர் இடத்தில் செங்கல் மழுங்கி, குழிந்து, வெளிறிப் போயிருந்தது. மாமா தட்டின இடம். தஞ்சாவூரில் இடிந்த வீட்டின் அடையாளத்தைப் பக்கத்துச் சுவரில் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா. இங்கே கட்டப்படவே இல்லாத ஒரு வீட்டுக்கு அடையாளம் இருந்தது. அதற்குக் கீழே தரையில் அவர் போட்டுவிட்டுப் போன செங்கல் துண்டும் கிடந்தது, பாதி மண்ணில் புதைந்து. நான் அதை எடுத்தேன். எதற்கு என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கோடு போட்டவள் நான், அந்தச் சுவரில் நான் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. பூசுவதற்கு முன் ஒரு தடவை தட்ட வேண்டும்போல் இருந்தது. அப்பா தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு தட்டு தட்டினேன். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

உடனே உள்ளிருந்து பதில் வந்தது. டம்ளர் சத்தம். இரண்டு, இடைவெளி, ஒன்று. மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா வாசல் இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு வேகமாக வந்தார். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான். சட்டை போட்டிருந்தார். அவசரத்தில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தலையைக்கூட வாரியிருந்தார், சீப்பில் தண்ணீர் தொட்டு. காலி மனையைப் பார்த்தார். மொபெட்டைத் தேடினார். சிமென்ட் கலவையையும் மேஸ்திரியையும் பார்த்தார். கடைசியில் என்னையும் என் கையில் இருந்த செங்கல் துண்டையும் பார்த்தார்.

"நீதானா" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். சொன்னாலும் கேட்காது. அவர் மேகத்தைப் பார்த்தார்.

"கொத்தச் சொல்லும்மா. மழை வந்துரும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மெதுவாகத் திரும்பிப் போனார்.

மேஸ்திரி உளியை எடுத்தார். ஓரத்துச் செங்கல்லில் முதல் அடி விழுந்ததும் சுவர் முழுக்க அதிர்ந்தது, நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அப்பாவின் முதுகுக்கும் அது போயிருக்கும். இரண்டாவது அடி, மூன்றாவது அடி. உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. பிறகு ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. முன்பக்கம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். பனியனோடு குனிந்து, கட்டிலை அந்தச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துச் சுவருக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.